அரசியலமைப்பு மாறும் இரண்டு வழிகள்

வெள்ளவத்தையில் நான் வழமையாகச் சாமான் வாங்கும் கடையில், 2024 நவம்பர் பொதுத் தேர்தல் முடிந்த கிழமை ஒரு சின்ன விவாதம் நடந்தது. தேசிய மக்கள் சக்திக்கு 225இல் 159 ஆசனங்கள் கிடைத்திருந்தன. கடைக்கார ஐயா பருப்பை நிறுத்துக்கொண்டே, "தம்பி, இனி அவங்க நினைச்சா பதின்மூன்றைத் தூக்கிடலாம்தானே?" என்று கேட்டார். மாகாண சபைகளைக் கொண்டுவந்த, அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தைத்தான் அவர் சொன்னார். நான் வாய் திறக்கும் முன்பே பின்னால் நின்ற ஒருவர், "மூன்றில் இரண்டு இருந்தா எதையும் செய்யலாம் ஐயா" என்றார். பக்கத்தில் நின்றவர் விடவில்லை. "கோர்ட் சும்மா இருக்குமா? இந்தியாவிலே அப்படித்தானே தடுத்தவங்க" என்றார்.

இருவர் சொன்னதிலும் கொஞ்சம் சரி இருக்கிறது, கொஞ்சம் பிழை இருக்கிறது. அந்தச் சரியும் பிழையும் கலந்த பேச்சைத்தான் பஸ்ஸிலும் சலூனிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் கேட்கிறோம். நம் மொழியும் காணியும் வாக்கும் எந்த நிலையில் இருக்கின்றன என்பது அரசியலமைப்பு என்ற இந்தப் புத்தகத்தில் தங்கியிருக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். சட்டம் படிக்காதவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சங்கத்தின் யாப்பு

கொழும்பில் இருக்கும் தமிழர்களில் ஏதாவது ஒரு பழைய மாணவர் சங்கத்திலோ கோயில் பரிபாலன சபையிலோ இல்லாதவர்கள் குறைவு. இவை எல்லாவற்றுக்கும் ஒரு யாப்பு இருக்கும். தலைவரை எப்படித் தெரிவு செய்வது, காசை யார் கையாள்வது, கூட்டத்துக்கு எத்தனை பேர் வர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். நாட்டுக்கு அப்படி ஒரு யாப்பு இருந்தால் அதுதான் அரசியலமைப்பு. மற்றச் சட்டங்களை யார், எப்படிச் செய்யலாம் என்று சொல்லும் தாய்ச் சட்டம் அது.

நான் உறுப்பினராக இருக்கும் சங்கத்தின் யாப்பு நீல மட்டை போட்ட 12 பக்கப் புத்தகம். அதைத் திருத்துவதென்றால் 21 நாட்களுக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும், பொதுக்கூட்டத்துக்கு வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கை உயர்த்த வேண்டும். சந்தாவை 500 ரூபாயிலிருந்து 1,000 ஆக்கியது இப்படித்தான். புத்தகத்தில் பழைய வரியை வெட்டி, புது வரியை அச்சடித்தார்கள்.

அதே புத்தகத்தில் இன்னொரு வாசகமும் இருக்கிறது. வருடாந்தக் கணக்கைப் பொதுக்கூட்டத்துக்கு வைக்கும் முன் முன்னாள் தலைவர்கள் கொண்ட ஆலோசனைக் குழுவுக்குக் காட்ட வேண்டுமாம். அந்தக் குழு ஆறு வருடங்களாகக் கூடவே இல்லை. ஒருமுறை புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கச்சி புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து, "இந்தக் குழு எங்கே?" என்று கேட்டார். செயலாளர் சாதாரணமாக, "அது இப்ப வழக்கத்தில் இல்லை" என்றார். மண்டபத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்கள்.

அந்த வாசகத்தை யாரும் வெட்டவில்லை, கை உயர்த்தி வாக்களிக்கவும் இல்லை. ஆனாலும் சங்கத்தின் யாப்பு மாறிவிட்டது.

சந்தா மாறியது முறையான திருத்தம், அதாவது யாப்பு தானே வகுத்த நடைமுறைப்படி அதன் எழுத்தை மாற்றுவது. குழு மறைந்தது முறைசாரா மாற்றம், அதாவது எழுத்து அப்படியே இருக்க, அது நடைமுறையில் தரும் பொருள் மாறிப்போவது. நாட்டின் அரசியலமைப்பும் இந்த இரண்டு வழிகளில்தான் மாறுகிறது. நாம் விவாதிப்பதெல்லாம் முதலாவதைப் பற்றி. நம்மை அதிகம் பாதித்தது இரண்டாவது என்பதே என் எண்ணம்.

முறையான திருத்தம்: 150 என்ற எண்

இப்போது நடைமுறையில் இருப்பது 1978 செப்டெம்பர் 7ஆம் திகதி வந்த அரசியலமைப்பு. அதன் ஒவ்வோர் இலக்கமிட்ட பிரிவையும் உறுப்புரை என்கிறோம். திருத்தம் பற்றிப் பேசுவது 82ஆம், 83ஆம் உறுப்புரைகள்.

நாடாளுமன்றத்துக்கு வரும் சட்ட வரைவுக்குச் சட்டமூலம் என்று பெயர். சாதாரண சட்டமூலத்துக்கு அன்று சபையில் வாக்களிப்போரில் பெரும்பான்மை போதும். அரசியலமைப்பைத் திருத்தும் சட்டமூலத்துக்கு மூன்றில் இரண்டு வேண்டும். இது சங்கத்து மூன்றில் இரண்டு போல வந்திருப்பவர்களை வைத்து எண்ணுவதில்லை, மொத்த உறுப்பினர் எண்ணிக்கையை வைத்து எண்ணுவது. 225இல் 150. அன்று சபைக்கு 180 பேர் வந்து, 130 பேர் ஆதரித்தாலும் திருத்தம் தோற்றுவிடும். வராதவரும் எதிர்த்து வாக்களித்தவரும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். முக்கியமான வாக்கெடுப்பு நாளில் ஓர் உறுப்பினர் வெளிநாட்டில் நின்றார் என்ற செய்தியைப் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சட்டமூலம் முதலில் வர்த்தமானியில் வெளியாக வேண்டும். அரசாங்கத்தின் அதிகாரபூர்வ அறிவித்தல் ஏடுதான் வர்த்தமானி. அரசியலமைப்பைத் திருத்தும் சட்டமூலம் என்றால் அதன் நீண்ட தலைப்பிலேயே அதைச் சொல்லியிருக்க வேண்டும். வேறு ஏதோ சட்டத்துக்குள் ஒளித்து அரசியலமைப்பை மாற்றிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. பிறகு நாடாளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் சேர்க்கப்படும். அதன் பின் குறுகிய காலத்துக்குள் எந்தக் குடிமகனும் உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். நம் நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தை நாம் உயர் நீதிமன்றம் என்கிறோம். தமிழ்நாட்டுச் செய்திகளில் உயர் நீதிமன்றம் என்றால் அதற்குக் கீழே உள்ளது. இந்தச் சொற்குழப்பமும் கடைப் பேச்சில் புகுந்துவிடுகிறது.

கடைசியாகச் சபாநாயகர் சான்றுரை எழுதிக் கையொப்பமிட்டால் சட்டமாகிறது. அதற்குப் பிறகு எந்த நீதிமன்றத்திலும் அதன் செல்லுபடியைக் கேள்வி கேட்க முடியாது. வழக்குப் போடுவதானால் முன்னாலேயே போட வேண்டும். "சட்டமாகட்டும், பிறகு பார்ப்போம்" என்ற கதை இங்கே எடுபடாது.

மக்களிடம் போக வேண்டியவை

சில விடயங்களுக்கு 150 பேரும் போதாது. அவற்றை 83ஆம் உறுப்புரை பட்டியலிடுகிறது. நாடு குடியரசு என்பது, ஒற்றையாட்சி, இறைமை மக்களிடம் இருப்பது, தேசியக் கொடி, கீதம், தேசிய தினம், பௌத்தத்துக்கு முதன்மை இடம், சிந்தனைச் சுதந்திரமும் மதச் சுதந்திரமும், சித்திரவதைத் தடை, பிறகு 83ஆம் உறுப்புரையே. ஜனாதிபதியினதோ நாடாளுமன்றத்தினதோ காலத்தை ஆறு வருடங்களுக்கு மேல் நீட்டுவதும் இதில் சேரும். இவற்றில் கைவைத்தால் 150 வாக்குகளோடு சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும். வேட்பாளர் யாரும் இல்லாமல், ஒரு கேள்விக்கு நாட்டு மக்கள் எல்லாரும் ஆம், இல்லை என்று வாக்களிப்பதுதான் சர்வஜன வாக்கெடுப்பு.

சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்று சொல்லும் 12ஆம் உறுப்புரை இந்தப் பட்டியலில் இல்லை. தமிழையும் அரசகரும மொழி என்று சொல்லும் 18ஆம் உறுப்புரையும் இல்லை. கொடிக்கு இருக்கும் இரண்டாவது பூட்டு இவற்றுக்கு இல்லை என்பது எனக்கு இன்னமும் உறுத்தும் விடயம்.

இந்த நாட்டில் இப்படி ஒரு வாக்கெடுப்பு ஒரே ஒரு தடவைதான் நடந்தது. 1982 டிசம்பர் 22. 1977இல் தெரிவான நாடாளுமன்றத்தின் காலத்தைத் தேர்தல் இல்லாமலே 1989 ஓகஸ்ட் வரை நீட்டலாமா என்பது கேள்வி. ஆம் என்பதற்கு விளக்குச் சின்னம், இல்லை என்பதற்குக் குடம். நாடு முழுவதும் 54 சதவீதத்துக்கு மேல் விளக்கு வென்றது. யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குடத்துக்கு விழுந்தது. அதுதான் நான்காம் திருத்தம். 1977இல் 168 ஆசனங்களில் 140ஐ வென்ற ஒரு கட்சி, அந்தப் பலத்தைப் பொதுத் தேர்தலே இல்லாமல் 1988 இறுதிவரை வைத்திருந்தது. 1983 ஓகஸ்டில் வந்த ஆறாம் திருத்தம் அந்தச் சபையில் நிறைவேறியதுதான். தனிநாட்டை ஆதரிக்க மாட்டோம் என்று சத்தியம் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். ஒரு திருத்தம் அடுத்த திருத்தத்துக்கு எப்படி வழி விடுகிறது என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியாது.

நீதிமன்றம் என்ன பார்க்கும், என்ன பார்க்காது

கடையில் கேட்ட "கோர்ட் சும்மா இருக்குமா?" என்ற கேள்விக்கு இப்போது வருவோம். இந்தியாவில் 1973ஆம் ஆண்டு கேசவானந்த பாரதி வழக்கில், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை எந்தப் பெரும்பான்மையாலும் மாற்ற முடியாது என்று 13 நீதிபதிகள் கொண்ட அமர்வு ஏழுக்கு ஆறு என்ற கணக்கில் சொன்னது. அங்கே நிறைவேறிய திருத்தத்தையே நீதிமன்றம் செல்லாது என்று சொல்லலாம்.

இங்கே அப்படி இல்லை. அரசியலமைப்பைத் திருத்தும் சட்டமூலம் என்று தலைப்பில் தெளிவாகச் சொல்லி வந்துவிட்டால், உயர் நீதிமன்றத்தின் முன் இருப்பது ஒரே கேள்விதான். இதற்கு மூன்றில் இரண்டு மட்டும் போதுமா, சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டுமா? திருத்தம் நல்லதா, அநியாயமா என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் வந்தபோது ஒன்பது நீதியரசர்கள் இந்தக் கேள்வியில்தான் பிரிந்தார்கள். வாக்கெடுப்புத் தேவையில்லை என்ற பக்கம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நின்றது. இந்தியாவின் அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாட்டைப் பெரும்பான்மை நீதியரசர்கள் ஏற்கவில்லை.

அதற்காக நீதிமன்றத்துக்குப் பலம் இல்லை என்று நினைக்க வேண்டாம். வாக்கெடுப்பு என்றாலே அரசாங்கங்கள் பின்வாங்கும். 2015இல் பத்தொன்பதாம் திருத்தத்தின் சில பிரிவுகளுக்கும், 2020இல் இருபதாம் திருத்தத்தின் சில பிரிவுகளுக்கும் மக்கள் சம்மதம் வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. இரண்டு தடவையும் அந்தப் பிரிவுகளைக் கைவிட்டோ மாற்றியோ மிச்சத்தை நிறைவேற்றினார்கள்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொல்வதானால், எழுத்தை மாற்ற 150 வாக்குகள் வேண்டும். சிலவற்றுக்கு மக்கள் வாக்கும் வேண்டும். எது எந்த வகை என்று சொல்வது உயர் நீதிமன்றம். சான்றுரை விழுந்தபின் திரும்ப வழி இல்லை. 1978 முதல் 2022 வரை இப்படி 21 திருத்தங்கள் வந்திருக்கின்றன.

அந்த 21இல் பல ஒன்றையொன்று அழித்து எழுதியவை. ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் ஜனாதிபதியாகத் தெரிவாக முடியாது என்ற வரம்பை 2010இல் பதினெட்டாம் திருத்தம் எடுத்துவிட்டது. 2015இல் பத்தொன்பது அதைத் திரும்பக் கொண்டுவந்தது. 150 பேரைச் சேர்க்க முடிந்த ஒவ்வோர் அரசாங்கமும் இந்தப் புத்தகத்தைத் தன் கைக்கு ஏற்றபடி வளைத்துப் பார்த்திருக்கிறது.

முறைசாரா மாற்றம்: எழுத்து அசையாமல்

இனி, செயலாளரின் "வழக்கத்தில் இல்லை" என்ற வசனத்துக்கு வருவோம். நாட்டு அளவில் இது நான்கு விதமாக நடக்கிறது.

முதலாவது, நீதிமன்றத்தின் பொருள்கோடல். ஒரு வாசகத்துக்கு என்ன அர்த்தம் என்று நீதிமன்றம் தீர்மானிப்பதுதான் பொருள்கோடல். 2018 நவம்பரில் ஜனாதிபதி நாடாளுமன்றத்தைக் கலைத்தார். கலைக்கும் அதிகாரத்தைப் பொதுவாகச் சொல்லும் ஒரு வாசகம் இருந்தது, நாடாளுமன்றம் கூடி நாலரை வருடங்கள் முடியும் முன் கலைக்க முடியாது என்று இன்னொரு வாசகமும் இருந்தது. டிசம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர்கள் ஒருமனதாக இரண்டாவதே கட்டுப்படுத்தும் என்றார்கள். ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் அன்றிலிருந்து முதல் வாசகத்தைத் தனியே காட்டி எவரும் வாதாட முடியாது.

நமக்கு நெருக்கமான உதாரணம் காணி. பதின்மூன்றாம் திருத்தத்தோடு வந்த மாகாண சபை நிரலில் காணி இருக்கிறது. நிரல் என்றால் மாகாணம் எந்தெந்த விடயங்களைப் பார்க்கலாம் என்ற பட்டியல். பட்டியலைப் படித்தவர்கள் காணி மாகாணத்துக்கு வந்துவிட்டது என்று நினைத்தார்கள். 2013 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம், அரச காணி மத்தியிடமே இருக்கிறது என்று பொருள் சொன்னது. பட்டியலில் அந்தச் சொல் இன்றும் இருக்கிறது. அதன் எடை குறைந்துவிட்டது.

இரண்டாவது, மரபு. எங்கும் எழுதப்படாமல், எல்லாரும் கட்டுப்பட்டு நடக்கும் வழக்கத்தை அரசியலமைப்பு மரபு என்கிறார்கள். அமெரிக்காவில் இரண்டு தடவைக்கு மேல் ஜனாதிபதியாக இருப்பதில்லை என்பது ஜோர்ஜ் வாஷிங்டன் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டு நின்ற வெறும் வழக்கம். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1940இலும் 1944இலும் அதைத் தாண்டிப் போனார். அதன் பிறகுதான் 1951இல் அதை எழுத்தில் போட்டார்கள். அங்கே எழுத்தைத் திருத்த இரண்டு சபைகளிலும் மூன்றில் இரண்டு, அதன்மேல் 50 மாநிலங்களில் 38இன் சம்மதம் வேண்டும். அவ்வளவு கடினம் என்பதால்தான் 1789 முதல் 27 திருத்தங்களோடு நிற்கிறார்கள். முறையான கதவு இறுக்கமாக இருக்கும் நாட்டில் மாற்றம் பெரும்பாலும் பொருள்கோடலாலும் வழக்கத்தாலும் நடக்கும். நமக்குக் கதவும் அடிக்கடி திறக்கிறது, மற்ற வழிகளும் திறந்தே இருக்கின்றன.

கைவிடுதல்

மூன்றாவது வழி, ஒரு வாசகத்தை நடைமுறைப்படுத்தாமலே விட்டுவிடுவது. என் சங்கத்தின் ஆலோசனைக் குழுவுக்கு நடந்தது அப்படியே நாட்டிலும் நடந்திருக்கிறது.

2001 ஒக்டோபரில் பதினேழாம் திருத்தம் வந்தது. பொலிஸ், தேர்தல், அரச சேவை ஆணைக்குழுக்களுக்கு ஜனாதிபதி தன் விருப்பத்துக்கு ஆள் போடக் கூடாது, அரசியலமைப்புப் பேரவை என்ற ஒரு சபை பரிந்துரைக்க வேண்டும் என்றது. எல்லாக் கட்சிகளும் ஆதரித்த திருத்தம் அது. முதல் பேரவையின் காலம் 2005 மார்ச்சில் முடிந்தது. அடுத்த பேரவை அமைக்கப்படவே இல்லை. பேரவை இல்லாமல் ஜனாதிபதியே நேரடியாக நியமனங்களைச் செய்தார். புத்தகத்தைத் திறந்தால் பேரவை இருக்கும், வெளியே பார்த்தால் இருக்காது. ஐந்து வருடங்களுக்கு மேல் இந்த நிலை. 2010 செப்டெம்பரில் பதினெட்டாம் திருத்தம் வந்து பேரவையை எழுத்திலிருந்தும் எடுத்தபோது பத்திரிகைகள் பெரிதாக எழுதின. ஆனால் பேரவை செத்தது 2005இல். 2010இல் நடந்தது சாவுப் பதிவு.

பதின்மூன்றில் சொன்ன பொலிஸ் அதிகாரமும் அப்படித்தான். 1987 நவம்பரிலிருந்து எழுத்தில் இருக்கிறது. எந்த மாகாண சபையின் கைக்கும் அது போய்ச் சேரவில்லை.

சாதாரண சட்டம் என்ற பக்கக் கதவு

நான்காவது வழியைத்தான் நாம் மிகக் குறைவாகக் கவனிக்கிறோம். அரசியலமைப்பு ஒரு சட்டகத்தை மட்டும் சொல்லும். உள்ளே நிரப்புவது சாதாரணச் சட்டங்கள். அந்த நிரப்பலை மாற்றினால் சட்டகத்துக்கே வேறு உருவம் வந்துவிடும்.

1992இல் 58ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அரசாங்க அதிபர் முன்பு செய்த பல வேலைகள் பிரதேச செயலாளர்களுக்குக் கைமாறின. பிரதேச செயலாளர் மத்திய அரசின் அலுவலர். மாகாண சபை அமைந்து நாலு வருடங்களில், ஊர் மட்டத்து நிர்வாகம் மாகாணத்தைத் தாண்டி நேரே கொழும்போடு இணைந்துவிட்டது. அரசியலமைப்பில் கைவைக்கவில்லை.

அதைவிட முக்கியமானது 2017இல் நடந்தது. அந்த வருடம் அரசாங்கம் இருபதாம் திருத்தம் என்று ஒரு சட்டமூலம் கொண்டுவந்தது. 2020இல் நிறைவேறியது வேறு, இது அதற்கு முந்தியது. எல்லா மாகாண சபைகளுக்கும் ஒரே நாளில் தேர்தல் வைப்பது, அதுவரை இருக்கும் சபைகளின் காலத்தை நீட்டுவது என்பது திட்டம். உயர் நீதிமன்றம் இதற்கு சர்வஜன வாக்கெடுப்பு வேண்டும் என்று சொல்லிவிட்டது. முன் கதவு பூட்டிக்கொண்டது.

அப்போது நாடாளுமன்றத்தில் இன்னொரு சாதாரணச் சட்டமூலம் இருந்தது. மாகாண சபைத் தேர்தலில் பெண்களின் பங்கை உயர்த்துவதற்கான சின்னச் சட்டமூலம் அது. ஒரு சட்டமூலத்தை வரி வரியாக எடுத்து மாற்றங்கள் சேர்க்கும் கட்டத்துக்குக் குழுநிலை என்று பெயர். செப்டெம்பர் 20ஆம் திகதி, அந்தக் குழுநிலையில், தேர்தல் முறையையே கலப்பு முறையாக (சிலரைத் தொகுதி வாரியாகவும் மற்றவர்களை விகிதாசாரப்படியும் தெரிவு செய்யும் முறையாக) மாற்றும் பக்கம் பக்கமான திருத்தங்களைச் சேர்த்து, அன்றே நிறைவேற்றினார்கள். வர்த்தமானியில் வந்தபோது இருந்த சட்டமூலம் வேறு, நிறைவேறியது வேறு. குடிமகன் நீதிமன்றம் போவது வர்த்தமானியைப் பார்த்துத்தானே? குழுநிலையில் சேர்ந்ததை எதிர்த்து யார், எப்போது போவது?

புதிய முறைக்குத் தொகுதி எல்லைகளை வகுக்க வேண்டும். வகுத்த அறிக்கை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக ஒரு வாக்கும் இல்லை, எதிராக 139. கொண்டுவந்த அரசாங்கமே ஆதரிக்கவில்லை. பழைய முறை சட்டத்தில் இல்லாமல் போயிருந்தது, புதிய முறைக்கு எல்லை இல்லை. ஆகவே தேர்தலும் இல்லை. கடைசியாக நடந்த மாகாண சபைத் தேர்தல் 2014 செப்டெம்பரில் ஊவாவில். வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2019இல் ஒன்பது மாகாணங்களிலும் தெரிவான உறுப்பினர் ஒருவரும் இல்லாத நிலை வந்தது. ஆளுநர்கள் நடத்தினார்கள். ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி.

சபைகளின் ஆயுளைக் கொஞ்சம் நீட்டுவதற்கே மக்களின் சம்மதம் வேண்டும் என்றது நீதிமன்றம். சபைகளே இல்லாமல் பல வருடங்கள் போனதற்கு யாருடைய சம்மதமும் கேட்கப்படவில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், முறையான திருத்தத்தை மட்டும் காவல் காப்பது ஏன் போதாது என்று விளங்கும்.

சுருக்கமாக, எழுத்தைத் தொடாமல் அரசியலமைப்பை மாற்றுபவை நீதிமன்றத்தின் பொருள்கோடல், மரபு, நடைமுறைப்படுத்தாமல் கைவிடுதல், சாதாரணச் சட்டத்தால் நிரப்புதல். இவற்றில் சில நல்லதும் செய்யும். 2018 தீர்ப்பு நாடாளுமன்றத்தைக் காப்பாற்றியது. ஆகவே முறைசாரா என்றவுடன் களவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மீறல் வேறு, மாற்றம் வேறு

இங்கே ஒரு பொதுவான குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். அரசியலமைப்பில் சொன்னது நடக்காத இடமெல்லாம் முறைசாரா மாற்றம் இல்லை.

என் மாமி தேசிய அடையாள அட்டையைத் தொலைத்துவிட்டு, கொழும்பில் ஒரு பொலிஸ் நிலையத்துக்கு முறைப்பாடு கொடுக்கப் போனார். அவர் தமிழில் சொன்னதை ஓர் உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுதினார். "இதிலே கையெழுத்துப் போடுங்க அம்மா" என்று புத்தகத்தைத் திருப்பினார். என்ன எழுதியிருக்கிறது என்று மாமிக்குத் தெரியாது. பேனையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு கையெழுத்துப் போட்டார். தமிழ் அரசகரும மொழியாகி 30 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்பாடவும் தமிழில் பதில் பெறவும் அவருக்கு உரிமை உண்டு.

இது மீறல். ஏனென்றால் உரிமை உயிரோடு இருக்கிறது. 126ஆம் உறுப்புரையின் கீழ், அடிப்படை உரிமையோ மொழி உரிமையோ மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மனுக் கொடுக்கலாம். கேட்டால் கிடைக்கக்கூடிய ஒன்று இன்னும் மாறிவிடவில்லை. யாரும் கேட்காமல், கேட்டவரை மற்றவர்கள் அதிசயமாகப் பார்த்து, நீதிமன்றமும் அதை வழமை என்று ஏற்றுக்கொள்ளும் கட்டம் வந்தால்தான் மீறல் மாற்றமாகக் கெட்டியாகிறது. மண்டபத்தில் எழுந்து கேட்ட அந்தத் தங்கச்சியின் கேள்விக்கு இன்னும் இரண்டு பேர் துணைக்கு எழுந்திருந்தால், ஆலோசனைக் குழு திரும்ப வந்திருக்கலாம்.

புதிய அரசியலமைப்பு என்றால்?

திருத்தம் என்பதும் புதிய அரசியலமைப்பு என்பதும் வேறு வேறு என்று பலர் நினைக்கிறார்கள். 82ஆம் உறுப்புரையின்படி முழுவதையும் நீக்குவதும் இந்த நடைமுறைக்குள்தான் வரும். ஒரு நிபந்தனை இருக்கிறது. பழையதை நீக்கும் சட்டமூலத்திலேயே அதற்குப் பதிலானதும் இருக்க வேண்டும். இடைவெளி விட முடியாது. 83ஆம் உறுப்புரையும் சேர்ந்து போவதால் மக்கள் வாக்கெடுப்பும் வேண்டும்.

1972இல் இப்படி நடக்கவில்லை. அப்போது இருந்த சோல்பரி அரசியலமைப்பின் திருத்த வழியைப் பாவிக்காமல், நாடாளுமன்ற உறுப்பினர்கள் கொழும்பு நவரங்கஹலவில் அரசியல் நிர்ணய சபையாகத் தனியே கூடிப் புதியதை உருவாக்கினார்கள். பழைய வீட்டைத் திருத்தாமல், பக்கத்துக் காணியில் புது வீடு கட்டிக் குடிபோன மாதிரி. சிறுபான்மையோருக்குப் பாதகமான சட்டம் செய்யக் கூடாது என்ற 29ஆம் பிரிவு பழைய வீட்டிலேயே தங்கிவிட்டது.

கடைக்கார ஐயாவின் கேள்விக்கு

அடுத்த முறை போனபோது ஐயாவிடம் சொன்னேன். பதின்மூன்றை எழுத்திலிருந்து நீக்க 150 வாக்குகள் வேண்டும். வாக்கெடுப்பும் வேண்டுமா என்பதை அந்தச் சட்டமூலம் வரும்போது உயர் நீதிமன்றம் சொல்லும். அதற்கு மேல், மாகாண சபை பற்றிய அத்தியாயத்தை மாற்றும் சட்டமூலத்தை ஒவ்வொரு மாகாண சபைக்கும் அனுப்பி அபிப்பிராயம் கேட்க வேண்டும் என்று அந்த அத்தியாயமே சொல்கிறது.

"எந்தச் சபைக்கு அனுப்புறது? அதுதான் ஆக்களே இல்லையே" என்றார் அவர்.

நான் சொல்ல நினைத்ததை அவரே சொல்லிவிட்டார். கல்லாவில் அவருடைய மகள் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். வயது 26. ஜனாதிபதித் தேர்தலிலும் பொதுத் தேர்தலிலும் வாக்களித்துவிட்டார். மேல் மாகாண சபைக்கு மக்கள் கடைசியாக வாக்களித்தது 2014 மார்ச்சில், அவர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலம். "மாகாண சபைக்கு எப்படி அங்கிள் வோட் போடுறது? அதுக்கும் விருப்பு வாக்கு இருக்கா?" என்று என்னிடம் கேட்டார்.